ஒரு கேஸ்கட் ஒட்ட ஐந்து நாள்



போன வாரம் பேரன் எடுத்த படம் ஒன்றைப் போட்டிருந்தேன். தலையில் கம்பளிக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், அதற்குமேல் மாப்பிள்ளையின் பழைய கோட், கையில் ஹேர் டிரையர், எதிரே கன்னங்கரேலென்று ஒரு இரும்பு மூடி. "டீச்சர், அமெரிக்காவில் வெல்டிங் பட்டறை வைத்துவிட்டீர்களா?" என்று கேட்டவர்கள் அநேகம் பேர். "பென்ஷன் போதவில்லையா அக்கா?" என்று சின்னத் தங்கை வேறு போன் செய்துவிட்டாள். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என்னிடம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

உங்களில் ஏழெட்டுப் பேர் கனடாவிலும் அமெரிக்காவிலும் குளிரான ஊர்களில் இருக்கிறீர்கள். உங்களுக்காக என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெல்லட் கிரில் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் அதன் மூடிக்குக் கேஸ்கட் ஒட்டுவதாக இருந்தால், மூடியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து ஒட்டுங்கள். அது முடியாதென்றால் மே மாதம் வரை பொறுங்கள். எக்காரணம் கொண்டும், "ஐந்து நிமிடம்தானே" என்று கராஜுக்குள் வைத்து அந்தக் கிரிலைப் பற்ற வைக்காதீர்கள். கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். மினசோட்டா மாநிலம், மினியாபொலிஸ் பக்கம். நாங்கள் இந்த வேலையை ஆரம்பித்த சனிக்கிழமை காலையில் வெளியே மைனஸ் 14 டிகிரி. நம் ஊரில் மார்கழி விடியலில் 20 டிகிரிக்கே மப்ளர் சுற்றுகிற ஆள் நான்.

பெல்லட் கிரில் என்றால் என்ன என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். நான் முதலில் பார்த்தபோது கவிழ்த்துப் போட்ட தார் டிரம்முக்குக் கால் வைத்தது போலத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் மரத்தூளை அழுத்திச் செய்த குச்சித் துண்டுகளைக் கொட்டுகிறார்கள். நம் ஊர்க் கடையில் மாட்டுத் தீவனம் குச்சி குச்சியாக வருமே, பார்க்க அச்சு அசல் அதேதான். பெட்டிக்கு அடியில் நீளமான திருகு ஒன்று மெதுவாகச் சுற்றி, அந்தக் குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போய் நடுவில் இருக்கும் சின்ன நெருப்புக் கிண்ணத்தில் போடுகிறது. மின்சாரத்தில் பழுக்கிற ஒரு கம்பி அதைப் பற்ற வைக்கிறது. அடியில் ஒரு ஃபேன் ஊதுகிறது. உள்ளே எவ்வளவு சூடு என்று ஒரு உணரி பார்த்துக்கொண்டே இருக்கும். சூடு குறைந்தால் திருகு வேகமாகத் தள்ளும், கூடினால் மெதுவாகத் தள்ளும். 1980களின் நடுவில் ஓரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் ஜோ ட்ரேகர் என்பவர் உருவாக்கிய யோசனை இது. 1986இல் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலம் முடிந்த பிறகு பல கம்பெனிகளும் செய்ய ஆரம்பித்துவிட்டன. மாப்பிள்ளையிடம் இருப்பது எந்தக் கம்பெனி என்பது நமக்கு முக்கியமில்லை.

விறகடுப்பில் ஊதுகுழலை வைத்துக்கொண்டு கண் எரிய உட்கார்ந்திருந்த எனக்கு, தானே விறகு தள்ளி, தானே ஊதிக்கொள்ளும் அடுப்பைப் பார்த்ததும் பொறாமைதான் வந்தது.

இதில் என்ன குறை என்றால், மூடி சரியாக உட்காராது. பாத்திரத்துக்கு மூடி போல அளவெடுத்துச் செய்தது அல்ல. தகடு மேல் தகடு. ஃபேன் உள்ளே காற்றை ஊதிக்கொண்டே இருப்பதால் இடுக்கு எங்கே கிடைத்தாலும் புகை வெளியே வரும். நல்ல வெயில் காலத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. புகை வந்தால் வரட்டும். பல கிரில்கள் கேஸ்கட் இல்லாமல்தான் கடையிலிருந்தே வருகின்றன. ஆனால் மைனஸ் பத்தில், சுற்றிலும் தடுப்பில்லாத மரத்தளத்தில், வடமேற்குக் காற்று வீசும்போது அந்த இடுக்கு வழியாகப் போகிற சூட்டை ஈடுகட்ட அந்தத் திருகு ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 20 பவுண்டு மூட்டை, நம் கணக்கில் 9 கிலோ, கண் முன்னால் கரைகிறது. சூடும் ஒரு நிலையில் நிற்பதில்லை. 225 ஃபாரன்ஹீட்டில், அதாவது 107 டிகிரியில், நிதானமாக வேகவேண்டிய கோழி ஒரு பக்கம் வெந்தும் ஒரு பக்கம் வேகாமலும் வரும்.

ஆகவே மூடியின் ஓரத்தில் கேஸ்கட் ஒட்டவேண்டும் என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். நல்ல முடிவுதான். செய்த காலமும் விதமும்தான் தப்பு.

டிசம்பர் முதல் வாரம் ஒரு சனிக்கிழமை. தபாலில் கேஸ்கட் வந்து இறங்கிய அன்றே ஒட்டியாக வேண்டும் என்று நின்றார். பார்க்க கம்பளி நாடா போல இருக்கும். தீயணைப்பு வீரர்களின் உடுப்பில் சேர்க்கிற நோமெக்ஸ் என்ற இழையில் செய்தது. அரை அங்குல அகலம், 15 அடிச் சுருள். பின்பக்கம் பசை. மேல்தாளை உரித்துவிட்டு ஒட்டவேண்டியதுதான். வெளியே மைனஸ் 6. கிரிலின் விளிம்பை ஒரு துணியால் துடைத்தார், சரசரவென்று ஒட்டினார், உள்ளே வந்து கையைத் தேய்த்துக்கொண்டார். மொத்தம் இருபது நிமிடம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நண்பர்கள் வந்த அன்று மூடியைத் திறந்தால், கேஸ்கட் பாதி உரிந்து கோழியின் மேல் மாலை போட்டது போலத் தொங்குகிறது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. (இதையெல்லாம் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை, பேரை மட்டும் போடாதீங்க" என்றார்.)

ஏன் உரிந்தது? அந்தக் காலத்தில் பாடம் எடுத்த பழக்கம், விடவில்லை. பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். பேரனை விட்டு இன்னும் கொஞ்சம் தேடச் சொன்னேன். இப்படி அழுத்தி ஒட்டுகிற பசை இறுகிக் காய்வது இல்லை. அது ரொம்பக் கெட்டியான ஒரு திரவம் மாதிரி. இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கும். அவற்றுக்குள் பசை மெதுவாக இறங்கிப் பரவினால்தான் பிடிமானம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? அதேதான். குளிரில் பசை விறைத்துப் போகிறது. தொட்டால் ஒட்டினது மாதிரி இருக்கும், உள்ளே இறங்கியிருக்காது. 3எம் கம்பெனி தன் அக்ரிலிக் ஒட்டு நாடாக்களுக்குக் கொடுக்கிற கணக்கு இது: ஒட்டும்போது இரும்பும் நாடாவும் 21 முதல் 38 டிகிரிக்குள் இருப்பது நல்லது, 10 டிகிரிக்குக் கீழே ஒட்டாமல் இருப்பதே மேல். அறைச் சூட்டில் 20 நிமிடத்தில் பாதி பலம்தான் வரும். 24 மணி நேரத்தில் 90 சதவீதம். முழுப் பலம் வர 72 மணி நேரம். நம் நாடா வேறு கம்பெனி என்றாலும் பசையின் குணம் இதுதான்.

இன்னொன்று அழுக்கு. கோழிக் கொழுப்பும் புகையும் சேர்ந்து அந்த விளிம்பில் மெழுகு போலப் படிந்திருந்தது. எண்ணெய் வழிகிற நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு நிற்குமா? இதைச் சொன்னதும் மகள் சிரித்தாள். பேரனுக்குப் பொட்டு உதாரணம் புரியவில்லை.

இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

ஜனவரியில் புதுச் சுருள் வாங்கினார். வெள்ளிக்கிழமை இரவு தோசை சாப்பிடும்போது திட்டத்தைச் சொன்னார். "இந்தத் தடவை கரெக்டா செய்யப் போறேன் அத்தை. கிரிலை கராஜுக்குள்ள தள்ளிட்டு வந்து, கதவைப் பாதி திறந்து வச்சு, அரை மணி நேரம் குறைஞ்ச சூட்டுல ஓடவிட்டா இரும்பு நல்லா சூடாயிடும். உடனே ஆஃப் பண்ணிட்டு ஒட்டிடுவேன்."

இரும்பு சூடாக வேண்டும் என்பதை அவர் சரியாகப் பிடித்துக்கொண்டார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் எனக்குத் தோசை இறங்காமல் செய்துவிட்டது.

இங்கே கராஜ் என்றால் தெருக்கோடியில் இருக்கும் ஷெட் அல்ல. வீட்டோடு ஒட்டியது. சமையலறைக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தால் கராஜ். அதற்கு மேல்தான் பேரன் தூங்குகிற அறை. விறகோ கரியோ பெல்லட்டோ, எரிகிற எதிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். புகையாவது கண்ணை எரிக்கும், இருமல் வரும், வெளியே ஓடுவோம். இதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். லேசாகத் தலை வலிக்கும், அசதியாக இருக்கும், படுக்கலாம் என்று தோன்றும். படுத்தால் போச்சு. அமெரிக்காவில் தீ விபத்துக் கணக்கில் சேராமல், இப்படித் தற்செயலாக இந்த வாயுவால் மட்டும் வருடத்துக்கு 400 பேருக்கு மேல் சாகிறார்கள் என்று அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அதிகம் குளிர்காலத்தில்தான். ஏன், கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நம் ஊர்ப் பத்திரிகையிலேயே நாம் படித்ததில்லையா?

பாதி திறந்த கதவு காப்பாற்றாதா என்று நீங்கள் கேட்கலாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ, அதைப் பொறுத்தது. வெளியிலிருந்து உள்ளே அடித்தால் அந்தக் கதவே வாயுவை வீட்டுக்குள் தள்ளும். அதுவும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏறி வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழே இருக்கிற இடுக்குகள் வழியாக வெளிக்காற்றை வீடு உறிஞ்சும். கராஜ் காற்றும் அப்படித்தான் உள்ளே வரும்.

எனக்கு என்ன கஷ்டம் என்றால், மாப்பிள்ளைக்கு இது தெரியாது என்று இல்லை. கேட்டால் "நிறமற்ற, மணமற்ற, நச்சுத்தன்மை உள்ள வாயு எது?" என்ற ஒரு மார்க் கேள்விக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்வார். அப்படித்தான் நானும் முப்பது வருடத்துக்கு மேல் நடத்தினேன். உங்களில் பலருக்கு நான்தான் நடத்தினேன். கோடிட்ட இடத்தை நிரப்புக. நீங்கள் "கார்பன் மோனாக்சைடு" என்று எழுதினீர்கள், நான் டிக் போட்டேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். அது உங்கள் வீட்டில் எந்த மூலையிலிருந்து வரும், எப்போது வரும், வந்தால் உடம்பு எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நம் ஊரில் அடுப்படிக் கூரையில் ஓட்டுக்கு நடுவே இடைவெளி, ஜன்னலுக்குக் கதவே இல்லை, அதனால் தேவைப்படவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைகள் கதவும் ஜன்னலும் இறுக்கமாக மூடுகிற ஊர்களுக்கெல்லாம் போய்விட்டார்கள். நான் கொடுத்தது ஒரு மார்க் அறிவு. அதற்கு இந்தப் பதிவில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மாமியார் மாப்பிள்ளையைத் திருத்துவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே சொன்னால் மரியாதைக் குறைவு, சொல்லாவிட்டால் மனசு கேட்காது. மகளிடம் சொல்லி அவள் மூலமாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். அப்படிச் செய்தால் அது புருஷன் பெண்டாட்டி சண்டையாகும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை புரண்டு படுத்துவிட்டு, காலையில் அவர் காபி குடிக்கும்போது நானே போய் உட்கார்ந்தேன்.

"மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. கராஜுக்குள்ள பற்ற வைக்க வேண்டாம்."

"அரை மணி நேரம்தான் அத்தை. வீட்ல அலாரம் வேற இருக்கு."

உண்மைதான். படுக்கையறைகளுக்குப் பத்து அடிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கவேண்டும் என்பது இந்த மாநிலத்துச் சட்டம். அது சுவரில் பச்சை விளக்கோடு இருக்கிறது.

"எங்க பள்ளிக்கூட வராந்தாவுல மணல் வாளி வரிசையா தொங்கும் மாப்பிள்ளை. வாளி இருக்குன்னு யாரும் தீ வச்சுப் பார்த்ததில்ல."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி அத்தை. ஆனா இரும்பை வேற எப்படி சூடாக்குறது? மொத்த கிரிலையும் ஹாலுக்குத் தூக்கிட்டா வரமுடியும்?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் நியாயமான கேள்வி.

அங்கேதான் நம் குக்கர் கை கொடுத்தது. குக்கரில் கேஸ்கட் எங்கே இருக்கிறது? பாத்திரத்திலா, மூடியிலா? நாற்பது வருடமாக நான் கழுவுகிற கேஸ்கட் மூடியில்தான் இருக்கிறது. கிரிலுக்கு மட்டும் ஏன் கீழ்விளிம்பில் ஒட்டவேண்டும்? போய்ப் பார்த்தோம். இவரிடம் இருக்கிற மூடியின் ஓரம் உள்பக்கமாக முக்கால் அங்குலம் மடித்திருக்கிறது. அரை அங்குல நாடாவுக்குத் தாராளம். மூடியைப் பிடித்திருப்பது கீல் ஒன்றுக்கு ஒரு போல்ட், மொத்தம் இரண்டே போல்ட். எல்லா மாடலிலும் இப்படி இருக்கும் என்று சொல்லமாட்டேன். கழற்றுவதற்கு முன் நீங்களும் போய்ப் பாருங்கள்.

சனிக்கிழமை காலையில் கழற்றினோம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீல் இருந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டோம். திரும்ப மாட்டும்போது அரை அங்குலம் தள்ளிப்போனால் பட்ட பாடு வீண். பெட்டியில் இருந்த பெல்லட்டைக் காலி செய்து, மூடியில்லாத கிரிலைத் தார்ப்பாயால் இறுகக் கட்டினோம். பனி உள்ளே விழுந்து பெல்லட் நனைந்தால் ஊறிப் பெருத்து மறுபடி மரத்தூளாகிவிடும். அது திருகுக்குள் இறுகினால் கேஸ்கட்டைவிடப் பெரிய வேலை வந்து சேரும். (தார்ப்பாய் கட்டுகிற முடிச்சு நான் போட்டது. வைக்கோல் வண்டி பார்த்து வளர்ந்தவளுக்கு அதுகூடத் தெரியாதா?)

"அந்தக் கரி மூடியை அப்படியே என் வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது" என்று மகள் வாசலை மறித்துக்கொண்டாள். ஆகவே முதல் சுத்தம் கராஜில் நடந்தது. அப்போது எடுத்த படம்தான் நீங்கள் பார்த்தது. பழைய பசையை ஹேர் டிரையரால் இளக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாக எடுத்தோம். இரும்புச் சுரண்டி வேண்டாம், பெயின்ட் போய்த் துரு பிடிக்கும். பிறகு பாத்திர சோப்பும் வெந்நீரும். கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதாவது ஊசி போடும் முன் நர்ஸ் பஞ்சில் தொட்டுத் துடைப்பார்களே, அந்த வகை. துடைக்கிற துணி கறுப்பாகிற வரைக்கும் துணியை மாற்றி மாற்றித் துடைக்கவேண்டும். எட்டுத் துணி ஆனது எங்களுக்கு. ஆல்கஹால் தீப்பற்றக்கூடியது, அதனால் அதைத் தொடும்போது ஹேர் டிரையரை அணைத்து எட்ட வைத்துவிட்டோம்.

மத்தியானம் மூடியைத் துணி துவைக்கிற அறைக்குக் கொண்டுவந்து பழைய பெட்ஷீட்டின் மேல் வைத்தோம். வைத்த இரண்டாவது நிமிடம் மூடி முழுக்க முத்து முத்தாக வேர்வை. வெளியிலிருந்து வந்தவுடன் என் மூக்குக் கண்ணாடியில் படிகிறதே, அதே கதை. குளிர்ந்த இரும்பில் அறைக் காற்றின் ஈரம் படிகிறது. மாப்பிள்ளை "துடைச்சிட்டு இப்பவே ஒட்டிடலாமா?" என்று சுருளைக் கையில் எடுத்துவிட்டார். துடைத்தாலும் இரும்பு குளிர்ந்திருக்கும் வரை மறுபடி வேர்க்கும். ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கேஸ்கட் சுருளையும் அதே அறையில் வைத்தோம். பசையும் சூடாக வேண்டுமே.

அன்று சாயங்காலம் (நம் ஊரில் ஞாயிறு காலை ஆறு மணி) என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் வணக்கம் போட்டான். தினமும் போடுவான். ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஃபிரிட்ஜ் கதவு கேஸ்கட் மாற்றி மாற்றியே வீடு கட்டியவன். வீடியோவில் கூப்பிட்டு மூடியைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூன்று விஷயம் சொன்னான். "இழுத்து ஒட்டாதீங்க டீச்சர். இழுத்தா இன்னைக்கு அழகா இருக்கும், நாளைக்குச் சுருங்கி மூலையில வாயப் பிளக்கும்." மூலையில் நாடாவை வளைக்காமல் வெட்டி, முனையும் முனையும் இடிக்கிற மாதிரி வைக்கவேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏற்றக்கூடாது என்றான். கீல் பக்கம் வேண்டவே வேண்டாம், அங்கே ஒட்டினால் அந்தக் கனத்தில் மூடி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்றான். மூன்றும் சரி.

இவன் படிக்கும்போது பள்ளியில் குழாய் ஒழுகினால் இவனைத்தான் அனுப்புவேன். மைக் செட் கரகரத்தால் இவன்தான். திரும்பி வந்ததும், "பாடத்தைக் கவனிக்கிறதே இல்லை" என்று இவனைத்தான் திட்டுவேன். இரண்டையும் செய்தது நான்தான். அவன் இதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஒட்டினோம். முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு வளைவு. ஒட்டுகிற வேலை மட்டும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மேல்தாளை மொத்தமாக உரிக்காமல் ஒரு சாண் ஒரு சாணாக உரித்து, கரண்டிக் காம்பின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்த்தோம். வளைவில் மாப்பிள்ளைக்கு லேசாக இழுக்கிற கை. "இழுக்காதீங்கப்பா, அங்கிள் சொன்னாங்கல்ல" என்று பேரன் பக்கத்திலிருந்து அதட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் புதன்கிழமை பதினோரு மணி வரை யாரும் மூடியைத் தொடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். திங்கட்கிழமை மாப்பிள்ளை இரண்டு முறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

புதன் சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்தபிறகு, இருட்டில் வாசல் விளக்கு வெளிச்சத்தில், பென்சில் கோட்டைப் பார்த்து மாட்டினோம். ஆபீஸ் தாளைக் கிழித்து இடுக்கில் வைத்து மூடியை மூடி இழுத்துப் பார்த்தோம். இதுவும் ஃபிரிட்ஜ்காரன் சொன்ன சோதனைதான். தாள் இறுக்கமாக வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடுக்கு. ஒன்பது இடத்தில் இறுக்கம். இடது கீலுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் தாள் தாராளமாக வந்தது. அதையும் அடைத்துவிடலாம் என்று மாப்பிள்ளை சிலிக்கான் பசைக் குழாயைத் தேடினார். வேண்டாம் என்றேன். அந்தப் பசை காற்றின் ஈரத்தில்தான் இறுகும்; இந்த வறண்ட குளிரில் அது இறுகி முடிக்க எத்தனை நாளாகுமோ. அதோடு, இது ஊதுகிற ஃபேன் வைத்த அடுப்பு. உள்ளே போகிற காற்று வெளியே போயாக வேண்டும். பின்பக்கத்துத் துவாரத்தையும் புகைபோக்கியையும் குளிருக்குப் பயந்து துணி கிணி வைத்து அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் நெருப்பு மூச்சுத் திணறும், புகை பெல்லட் பெட்டிப் பக்கம் திரும்பும். மூடி ஓரத்தில் ஒரு விரல்கடை புகை வந்தால் குடி முழுகிவிடாது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். சனிக்கிழமை மரத்தளத்தில், வெட்டவெளியில் பற்ற வைத்துப் பார்த்தோம். முன்பக்கம் புகையே இல்லை. கேஸ்கட் அசையவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டைப் பார்த்துப் பேரன் நோட்டில் எழுதினான். முன்பு போல ஏறி இறங்கவில்லை என்பது தெரிகிறது. பெல்லட் எவ்வளவு மிச்சம் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டு மூன்றில் ஒரு பங்கு என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று காற்றே இல்லை, டிசம்பரில் பேய்க்காற்று. ஒன்றை மாற்றிப் பார்க்கும்போது மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால்தானே சோதனை? இதைச் சொன்னதும் பேரன் நோட்டில் "காற்று" என்று புதிதாக ஒரு கட்டம் போட்டுக்கொண்டான்.

கோழி நன்றாக இருந்தது. மிளகு, சீரகம், பூண்டு தடவியிருந்தேன். கொஞ்சம் உப்பு கூட.

கேஸ்கட் சுருளில் பாதி மிச்சம் இருக்கிறது. அதை என்ன செய்யலாம் என்று பேரன் யோசித்துக்கொண்டிருக்கிறான். நேற்று என் இட்லிப் பானை மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மாச்சி, இதுலயும் ஆவி லீக் ஆகுது" என்றான். பானையைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்